மறுகால் அடைபட்ட வண்டி

வெயிலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் எடுக்க மறுக்கிற பழைய பெட்ரோல் வண்டிகள் நம் பக்கத்தில் இன்னும் நிறைய ஓடுகின்றன. சித்திரை பிறந்துவிட்டால் போதும், கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரைக்கும் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாருதியோ ஆம்னியோ நிற்கும். சுற்றி நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் சூடாகிவிட்டது என்பார். இன்னொருவர் பெட்ரோல் ஆவியாகிவிட்டது, பம்ப் மேலே ஈரத்துணியைப் போடு என்பார். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணச் சொல்கிறவர் கட்டாயம் ஒருவர் இருப்பார். ரிட்டர்ன் லைனைப் பார்த்தாயா என்று கேட்கிறவரை மட்டும் அநேகமாகப் பார்க்க முடியாது. எங்கள் மாருதி ஜிப்ஸியில், மிச்சப் பெட்ரோலை டேங்க்குக்கே திருப்பி அனுப்புகிற அந்த ஒரு குழாய்தான் ஒரு கோடைகாலம் முழுக்க எல்லோரையும் சுற்றலில் விட்டது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை எழுதி வைத்தால் யாருக்காவது ஒரு கார்புரேட்டர் செலவாவது மிச்சமாகும்.

வண்டி 1998 மாடல், கார்புரேட்டர் வைத்த 1300 சிசி எஞ்சின். சந்தூர் பக்கம் இருக்கிற மாந்தோப்புக்கும், ராயக்கோட்டை வழியாகத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று மேலே ஏறுவதற்கும் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் வண்டி. ஆர்சி புதுப்பிக்கும் வேலையின்போது பெட்ரோல் டேங்க்கின் அடியில் துரு ஏறிக் கசிவது தெரிந்தது. டேங்க்கை இறக்கிப் பற்றவைக்கக் கொடுத்தோம். அது திரும்பி வருவதற்கு ரொம்ப நாளாகிவிட்டது. அதுவரை வண்டி தோப்பில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்துத் தகரச் சாய்ப்பில் நின்றது. இந்த விஷயம் முக்கியம், பின்னால் வரும்.

டேங்க் மாட்டி வண்டி ஓட ஆரம்பித்த பிறகு தொந்தரவு தொடங்கியது. காலைக் குளிர்ச்சியில் சோக்கை இழுத்தால் ஒரே சுற்றில் எடுத்துவிடும். ஓடும்போதும் பெரிய குறை சொல்ல முடியாது, கொஞ்சம் பெட்ரோல் வாடை வரும், சிக்னலில் நின்றால் ஐட்லிங் தடுமாறும். ஆனால் சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து வந்தால் எடுக்கவே எடுக்காது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிப் போகும். எப்படியோ எடுத்துவிட்டால் சைலன்சரிலிருந்து குபுக்கென்று கரும்புகை. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 7-க்கு வந்துவிட்டது.

நகரத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் கார்புரேட்டருக்குப் புது கிட் போட்டார்கள். இன்னொரு இடத்தில் காயிலை மாற்றினார்கள். பிளக், பிளக் வயர், கடைசியில் பெட்ரோல் பம்ப்பும் புதிதாக வந்தது. ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு நாள் நன்றாக இருக்கிற மாதிரி தெரியும், அடுத்த நல்ல வெயிலில் பழைய கதைதான். அந்த மெக்கானிக்குகள் வேலை தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் கையில் இருந்தது சந்தேகம் மட்டும்தான், அளவு எதுவும் இல்லை. சந்தேகத்தின் பேரில் பாகத்தை மாற்றிப் பார்ப்பதை நம் ஊரில் ரிப்பேர் என்றே சொல்லப் பழகிவிட்டோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்தச் செலவைத் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் பழைய வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்கள்.

சூட்டில் எடுக்காத வண்டிக்கு மூன்று காரணங்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பொறி இல்லை. காயிலோ இக்னிஷன் மாட்யூலோ சூடானால் செத்து, ஆறினால் உயிர்பெறும். இரண்டு, பெட்ரோல் வரவில்லை. குழாயில் ஆவி கட்டிக்கொண்டு பம்ப் வெறும் ஆவியை அடித்துக்கொண்டிருக்கும். மூன்று, பெட்ரோல் அளவுக்கு மேல் வந்துவிட்டது. எஞ்சின் மூழ்கிக் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

பிரிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எடுக்காமல் அடம்பிடிக்கிற அந்த நேரத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆறவிட்டுக் கழற்றினால் சாட்சி கலைந்துவிடும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து கருப்பாக, மூக்கைத் துளைக்கிற பெட்ரோல் வாடையோடு இருந்தால் ஒன்று பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அதிகம். அடுத்தது இன்னும் எளிது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். விட்டு விட்டு அமுக்கக் கூடாது, ஒவ்வொரு அமுக்கலுக்கும் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். முழுக்க அமுக்கிப் பிடித்தால் காற்று தாராளமாக உள்ளே போய், மூழ்கிய எஞ்சின் தட்டுத் தடுமாறிக் கரும்புகையோடு எடுக்கும். அப்படி எடுத்துவிட்டால் காயில் மேல் பழிபோட இடமில்லை. எங்கள் ஜிப்ஸி ஒவ்வொரு முறையும் அப்படித்தான் எடுத்தது.

ஈரத்துணி வைத்தியம் இந்த இடத்தில் ஆளை நன்றாகத் திசைதிருப்பும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் வண்டி எடுத்தால் ஆவி கட்டியதுதான் காரணம் என்று முடிவு பண்ணிவிடுகிறோம். பம்ப் குளிர்ந்தால் அதற்குள்ளும் குழாயிலும் இருக்கிற அழுத்தமும் இறங்கும். மூழ்கிய எஞ்சினுக்கும் அதே நேரத்தில் பெட்ரோல் ஆவியாகிக் கலைய அவகாசம் கிடைக்கிறது. இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்து வேலை செய்வதால் வியாதி எது என்று அந்த மருந்து சொல்லாது.

சரி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை மூடித் திறக்கிற நீடில் வால்வ், அதை இயக்குகிற ஃப்ளோட் என்ற மிதவை எல்லாம் புதிதாக இருக்கும்போது பெட்ரோல் ஏன் வழிகிறது?

இதற்கு ரிட்டர்ன் லைன் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த எஞ்சினில் பெட்ரோல் பம்ப் என்பது எஞ்சின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட் தட்டித் தட்டி ஓட்டுகிற டயஃப்ராம் பம்ப், அதாவது உள்ளே ஒரு சவ்வு அசைந்து பெட்ரோலைத் தள்ளும். அதில் மூன்று மூக்குகள் உண்டு. டேங்க்கிலிருந்து வருவது ஒன்று, கார்புரேட்டருக்குப் போவது ஒன்று, மூன்றாவது டேங்க்குக்கே திரும்பிப் போவது. கார்புரேட்டர் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு நீடில் வால்வை மூடிவிடும். பம்ப் மட்டும் எஞ்சின் சுற்றும்வரை தட்டிக்கொண்டே இருக்கும். மிச்சமாகிற பெட்ரோலும் அதோடு சேர்ந்த ஆவியும் மூன்றாவது மூக்கு வழியாகப் பின்னால் டேங்க்குக்கு ஓடிவிட வேண்டும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் எப்படியோ அப்படி. வரத்து வாய்க்காலையும் மதகையும் எவ்வளவு சரிபார்த்தாலும், மறுகால் அடைபட்டிருந்தால் தண்ணீர் கரையில் பலவீனமான இடத்தைத் தேடும். கார்புரேட்டரில் அந்தப் பலவீனமான இடம் நீடில் வால்வ். அது தாங்கும்படி செய்யப்பட்ட அழுத்தம் மிகக் குறைவு, பொதுவாக 3 முதல் 5 பிஎஸ்ஐ. நாம் டயருக்கு 30-க்கு மேல் காற்று அடிக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்ன எண் என்று தெரியும்.

ஓடும்போது ஓரளவு சமாளித்துவிடும், ஏனென்றால் எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கெடுதல் நிறுத்திய பிறகுதான். எஞ்சினை அணைத்ததும் ரேடியேட்டரில் தண்ணீர் ஓடாது, காற்றோட்டம் நின்றுவிடும். பானட்டுக்குள் சூடு இறங்காமல் கொஞ்ச நேரத்துக்கு ஏறிக்கொண்டே போகும். பெட்ரோல் ஒரே சூட்டில் கொதிக்கிற பொருள் கிடையாது. பல திரவங்களின் கலவை அது. அதில் லேசானவை 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாக ஆரம்பித்துவிடும், கனமானவை 200 டிகிரி வரை போகும். பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் சிறைப்பட்ட பெட்ரோல் சூட்டில் விரிகிறது, பாதி ஆவியாகிறது. ரிட்டர்ன் திறந்திருந்தால் அந்த அழுத்தம் சத்தமில்லாமல் டேங்க்குக்குப் போய்ச் சேரும். அடைபட்டிருந்தால் அது நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு ஃப்ளோட் கிண்ணத்தில் இறங்கும். கிண்ணம் நிரம்பி, மேலே வழிந்து, எஞ்சினுக்குள் சொட்டும். நாம் டீயைக் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்புகிறோம்.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர் காவேரிப்பட்டணம் பக்கம் பட்டறை வைத்திருக்கிற ஒரு பாய். வயதானவர், ஜீப்பும் டிராக்டரும் பார்த்துக் கைதேர்ந்தவர். வண்டியைக் கொண்டுபோனதும் அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. என்னென்ன மாற்றினார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "தம்பி, வண்டிய நல்லா சூடு பண்ணிட்டு வாங்க. கிருஷ்ணகிரி வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பி வாங்க. குளிர்ந்த வண்டி எங்கிட்ட பொய் சொல்லும்" என்றார்.

திரும்பி வந்தபோது ஒரு கேஜ் தயாராக வைத்திருந்தார். சின்ன அழுத்தத்தை அளக்கிற கேஜ், முகத்தில் 0 முதல் 15 பிஎஸ்ஐ வரைக்கும்தான் எண்கள். இது முக்கியம். கம்ப்ரஷரில் இருக்கிற பெரிய கேஜில் 4-க்கும் 7-க்கும் வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் ஓஸைக் கழற்றி, நடுவில் ஒரு டி ஜாயின்ட் வைத்து, மூன்றாவது கால் வழியாகக் கேஜை இணைத்தார். எல்லா முனையிலும் கிளிப். கீழே ஒரு பழந்துணி, பக்கத்தில் தீயணைப்பான். பீடி பற்றவைக்க வந்த பையனை ஒரு பார்வை பார்த்தார், அவன் ரோட்டுக்கே போய்விட்டான்.

எஞ்சினை எடுத்தோம். ஐட்லிங்கில் முள் 6-ஐத் தாண்டி நின்றது. பாய் எதுவும் சொல்லவில்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார், விட்டார். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைத் தூக்கி கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தார். "கேஜையும் பாருங்க, இதையும் பாருங்க."

எஞ்சின் நின்றுவிட்டது, பம்ப் நின்றுவிட்டது. ஆனாலும் முள் ஏறியது. 6-லிருந்து 7, அப்புறம் இன்னும் மேலே, கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில். ஒரு கட்டத்தில் சட்டென்று கொஞ்சம் இறங்கியது. அதே நேரத்தில் கார்புரேட்டர் தொண்டையின் நடுவில் இருக்கிற பித்தளைக் குழலின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு கீழே விழுந்தது. பின்னால் இன்னொன்று. முள் மறுபடி ஏறும், சொட்டு விழும். த்ராட்டில் தகட்டின்மேல் பெட்ரோல் பளபளவென்று தேங்கி நின்றது. அவ்வளவு செலவும் அலைச்சலும் எதனால் என்று அந்தச் சில நிமிஷங்களில் விளங்கிவிட்டது. நீடில் வால்வ் கெட்டுப்போகவில்லை, அதை யாரோ தள்ளுகிறார்கள்.

அடுத்தது அந்த "யாரோ" யார் என்பது. அழுத்தம் அதிகம் என்றால் ஒன்று பம்ப் அதிகமாகத் தள்ள வேண்டும், இல்லையென்றால் ரிட்டர்ன் வாங்க மறுக்க வேண்டும். பம்ப் புதிது. தவறான மாடலுக்கான பம்ப்பாகக்கூட இருக்கலாம், கடையில் மாற்றிக் கொடுப்பது நடக்கிறதுதான். இதைத் தீர்க்க பாய் செய்த சோதனை எளிமையானது. பம்ப்பின் மூன்றாவது மூக்கிலிருந்து ரிட்டர்ன் ஓஸைக் கழற்றினார். அந்த மூக்கில் வேறொரு நீளமான ஓஸை மாட்டி, மறுமுனையை எஞ்சினிலிருந்து தள்ளி மண்ணில் வைத்த ஒரு தகர டப்பாவுக்குள் விட்டார். எஞ்சினை மறுபடி எடுத்தோம். டப்பாவில் பெட்ரோல் மெல்லிய கம்பியாக, குமிழியோடு சேர்ந்து விழுந்தது. கேஜ் முள் 4-க்குக் கீழே வந்து அசையாமல் நின்றது. ஐட்லிங் தானாகச் சீரானது, காதிலேயே கேட்டது. நிறுத்தினோம். முள் மெதுவாக இறங்கியதே தவிர ஏறவில்லை. கார்புரேட்டர் தொண்டை காய்ந்திருந்தது.

ஒரே ஒரு ஓஸை இடம் மாற்றியதில் வண்டியின் முன்பாதி முழுக்கக் குற்றமற்றது என்று ஆகிவிட்டது. பம்ப் சரி, கார்புரேட்டர் சரி. கோளாறு பம்ப்பின் மூக்குக்கும் டேங்க்குக்கும் நடுவில்தான். டி ஜாயின்ட், கேஜ், ஒரு நீள ஓஸ், தகர டப்பா. இவ்வளவுக்கும் ஆகிற செலவு ஒரு கார்புரேட்டர் கிட் விலைக்கு வராது. எல்லாப் பட்டறையிலும் இது ஏன் இருப்பதில்லை என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம்தான்.

பின்பாதியைப் பிரிப்பதும் அதே முறைதான். முதலில் டேங்க் மூடியைத் திறந்துவிட வேண்டும். பிறகு சேஸிஸ் ஓரமாகப் பின்னால் போகிற இரும்புக் குழாயில் முன்பக்கமிருந்து காற்று விட்டுப் பார்க்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. பெட்ரோல் வாய்க்குள் வந்தால், அதிலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால், உயிருக்கே ஆபத்து. கம்ப்ரஷர் காற்றையும் நேரடியாக விடக் கூடாது, அடைப்பு திடீரென்று திறந்தால் அவ்வளவு காற்றும் டேங்க்குக்குள் பாயும். பாய் எடுத்தது சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கைப்பம்ப். "மூடிக்கிட்ட காத வெச்சுக் கேளுங்க தம்பி" என்றார். டேங்க் வாயில் காதை வைத்தேன். திறந்த குழாயாக இருந்தால் உள்ளே பெட்ரோல் கொப்பளிக்கிற சத்தமோ, காற்று புஸ்ஸென்று வருவதோ கேட்க வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை. கைப்பம்ப்பின் பிடி பாதியில் நின்று திரும்பி வந்தது.

"டேங்க்க எப்பவாவது இறக்கினீங்களா?"

இறக்கியது, பற்றவைத்தது, தோப்பில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ இந்தக் குழாய் வாயெல்லாம் என்ன பண்ணீங்க?" கழற்றியவர்கள் அவற்றை அப்படியே திறந்துதான் விட்டிருந்தார்கள். பாய் தலையை ஆட்டிக்கொண்டே வண்டிக்கு அடியில் போனார். டேங்க் பக்கத்து ரப்பர் ஓஸைக் கழற்றி, அதில் தனியாகக் காற்று விட்டுப் பார்த்தார். டேங்க்குக்குள் கொப்பளித்தது. டேங்க் சரி, பின் ஓஸ் சரி. ஆக, மிச்சம் இரும்புக் குழாய் மட்டும். அதன் பின்முனையில் டார்ச் அடித்தபோது ஒரு விரற்கடை உள்ளே குழாய் முழுக்க மண் தெரிந்தது. வெளிர்ச் செம்மண், வழவழவென்று பூசினதுபோல.

குளவி. குழாய், சாவித் துவாரம், சுவரில் அடித்த ஆணியின் ஓட்டை என்று எது கிடைத்தாலும் அதற்குள் முட்டையிட்டு, குஞ்சுக்கு இரையாகப் புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போகிற சின்னக் குளவிகள் தோப்பில் எங்கும் உண்டு. பெட்ரோல் ஓடாமல் காய்ந்து கிடந்த குழாய் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு டேங்க்கை மாட்டியவர் ஓஸைச் செருகிக் கிளிப்பை முடுக்கியிருக்கிறார். தண்ணீரில் போட்டால் அந்த மண் நொடியில் கரைந்திருக்கும். பெட்ரோலில் கரையாது, அதுதான் சிக்கல்.

இப்படி நடப்பது நம் தோப்பில் மட்டும் இல்லை. 2013 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு ஏர்பஸ் ஏ330 விமானம் கிளம்பின கொஞ்ச நேரத்தில் தரையிறங்க வேண்டியதாயிற்று. வேகத்தை அளக்கிற பிடோட் குழாய்க்குள் குளவி மண் பூசியிருந்தது. 2011-இல் அமெரிக்காவில் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பெட்ரோல் வாடைக்கு வருகிற ஒரு வகை மஞ்சள் சிலந்தி, டேங்க்கின் ஆவி போகிற குழாயில் வலை பின்னி அடைத்துவிடுகிறது என்பதுதான் காரணம். குழாயைத் திறந்து வைத்தால் யாராவது குடிவருவார்கள்.

மண்ணை எடுக்க பாய் பழைய கிளட்ச் கேபிளின் உள்கம்பியைப் பயன்படுத்தினார். பின்பக்கமிருந்து கம்பியைத் திருகித் திருகி உடைத்து, முன்பக்கமிருந்து கைப்பம்ப்பால் காற்று விட்டு, தூளை வெளியே தள்ளினார். தூள் முன்னால் பம்ப்புக்கும் போகக் கூடாது, டேங்க்குக்குள்ளும் விழக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவனத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு முனையும் கழன்ற நிலையில்தான் கம்பியையே உள்ளே விட்டார். மண்ணோடு சேர்ந்து காய்ந்துபோன புழுக்கூடுகள் விழுந்தன. கடைசியில் கொஞ்சம் சுத்தமான பெட்ரோலை ஊற்றிக் கழுவி, ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்த்தார். துணியில் மண் தெரியாத வரைக்கும் விடவில்லை.

எல்லோருக்கும் குளவி வராது. நடைமுறையில் அதிகம் பார்ப்பது பழைய ரப்பர் ஓஸ். வெளியே பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே தோல் உரிந்து ஒரு மடிப்பாகத் தொங்கும். ஒரு பக்கமிருந்து ஊதினால் காற்று போகும், மறுபக்கமிருந்து ஊதினால் மடிப்பு மூடிக்கொள்ளும். அதனால் பெட்ரோல் ஓடுகிற திசையிலேயே காற்று விட்டுச் சோதிக்க வேண்டும். அடுத்தது ஜாக்கி. கவனமில்லாமல் சேஸிஸ் ஓரத்தில் ஜாக்கி வைத்து, குழாயை நசுக்கிவிடுவார்கள். மலைப்பக்கம் கல் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குக் கல்லடியிலேயே குழாய் நெளியும். டேங்க்கை மாட்டும்போது ஓஸ் மடங்கிச் சிக்கிக்கொள்வதும், ரிட்டர்ன் ஓஸையும் ஆவிக் குழாயையும் இடம் மாற்றி மாட்டிவிடுவதும் உண்டு. டேங்க் இறங்கிய வண்டி என்றால் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வண்டிகளிலும், ரிட்டர்ன் லைன் வைத்த மாடல்களில் இதே வேலைதான், எண்கள் மட்டும் பெரிசு. டேங்க்குக்குள் இருக்கிற மின்பம்ப் தள்ளுகிற பெட்ரோல் இன்ஜெக்டர்களுக்கு மேலிருக்கும் ரெயிலுக்கு வரும். ரெயிலின் கடைசியில் ஒரு பிரஷர் ரெகுலேட்டர், அதன் தலையில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிற வேக்குவம் டியூப். ரெயில் அழுத்தம் பல வண்டிகளில் ஐட்லிங்கில் சுமார் 2.5 பார், வேக்குவம் டியூபைக் கழற்றினால் சுமார் 3 பார் (ஒரு பார் என்றால் சுமார் 14.5 பிஎஸ்ஐ). ரிட்டர்ன் அடைபட்டால் இது 5-ஐத் தாண்டும். வண்டி கருப்பாகப் புகைக்கும், ஸ்கேனரில் பி0172 என்ற பிழைக் குறியீடு வரும். கலவையில் பெட்ரோல் அதிகம் என்று அதற்குப் பொருள். குறியீட்டைப் பார்த்ததும் புகையை அளக்கிற ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பாவம், அது உள்ளதைத்தான் சொன்னது. இங்கேயும் ரெகுலேட்டருக்குப் பின்னால் ரிட்டர்னைக் கழற்றி, உறுதியான கலனுக்குள் விட்டுப் பார்த்தால் தீர்ந்தது. அழுத்தம் சரியாகிவிட்டால் குழாய் அடைப்பு, அப்படியும் இறங்காவிட்டால் ரெகுலேட்டர். வேக்குவம் டியூபுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ராம் கிழிந்திருக்கிறது. இப்போது வருகிற பெரும்பாலான கார்களில் ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருப்பதால் எஞ்சினிலிருந்து திரும்பிப் போகிற குழாயே கிடையாது. அவற்றில் இதைத் தேட வேண்டாம்.

டீசல் தனிக்கதை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பழைய விஇ வகை ரோட்டரி பம்ப்பில் ரிட்டர்ன் போகிற போல்ட்டின் தலையில் "அவுட்" என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும், அதன் உள்துளை ஊசி போகிற அளவுதான். உள்ளே வருகிற போல்ட்டும் வெளியில் பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி. சுத்தம் பண்ணும்போது இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் வண்டி இழுக்காது, பம்ப் கெட்டுவிட்டது என்று சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பிவிடுவார்கள். போல்ட்டின் தலையைப் படிக்க ஒரு நிமிஷம் போதும்.

இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கிற அடுப்பையோ சுவிட்சையோ தொடும். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றிக்கொள்ளக் கூடியது. கொட்டகைக்குள் செய்யாதீர்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் பிடிக்கிற டப்பா எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் தள்ளி, தரையில் இருக்கட்டும். எம்பிஎஃப்ஐ ரெயிலை அழுத்தம் இறக்காமல் திறக்கவே கூடாது, கண்ணில் பீய்ச்சும்.

குழாய் சுத்தமானதும் வேலை முடிந்துவிடவில்லை. பாய் ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை, அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. இவ்வளவு நாளும் மூழ்கிய பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கியிருக்கிறது. நீர்த்த ஆயிலில் ஓடினால் பேரிங் தேயும். அன்றைக்கே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். பம்ப்பின் டயஃப்ராம் கிழிந்தாலும் பெட்ரோல் ஆயிலில் இறங்கும் என்பதால், பம்ப்பின் கீழ்த்துளையில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை விட்டார். பிளக்குகளைத் துடைத்து மறுபடி மாட்டினார். கொஞ்ச நாள் ஓடிய பிறகு கழற்றிப் பார்த்தபோது கருமை போய் வெளிர்ப் பழுப்பு நிறத்துக்கு வந்திருந்தது. பெங்களூரா மாங்காய் இறக்குகிற மும்முரத்தில், உச்சி வெயிலில் நிறுத்தி நிறுத்தி எடுத்தும் ஒரு தடவைகூட அடம்பிடிக்கவில்லை. மைலேஜும் பழையபடி 11-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஓஸ்களை மட்டும் பாய் மாற்றச் சொல்லியிருக்கிறார். 2022 ஜூனில் நாடு முழுக்கப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் வந்தது, 2023-லிருந்து 20 சதவீதம் வர ஆரம்பித்தது. 1998-இல் போட்ட ரப்பர் இதற்காகச் செய்தது இல்லை. எத்தனால் பட்டால் உப்பும், உள்தோல் உரியும். கடையில் பெட்ரோல் ஓஸ் என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஓஸாகப் பார்த்து வாங்கச் சொன்னார், அதன் உட்பூச்சு எத்தனாலைத் தாங்கும். கிருஷ்ணகிரியில் கிடைக்கவில்லை, ஓசூரில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் வரத்து, ரிட்டர்ன், ஆவிக் குழாய் மூன்றுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்கு டேங்க்கைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். குழாய் வாய்களை மூட ரப்பர் மூடிகளை இப்போதே வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.